பிள்ளைகளுக்கென ஒரு தட்டு: தாங்களே எடுத்துச் சாப்பிடும் ஏற்பாடு, சில வருட அனுபவம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தண்ணீரும் தின்பண்டமும் தாங்களே எடுத்துக்கொள்ள எட்டும் உயரத்தில் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கிய இந்த ஏற்பாட்டால் என் வேலை குறையவில்லை. வேலையின் நேரம்தான் மாறியது. பகலெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்த "அம்மா தண்ணி, அம்மா ரொட்டி" நின்றுபோய், இரவில் கொஞ்ச நேரம் அடுக்கி வைக்கும் வேலை வந்து சேர்ந்தது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுச் சம்பாதிக்கும் எனக்கு இது லாபம்தான். ரவிக்கைக் கழுத்தை வளைத்துத் தைக்கும்போது பாதியில் எழுந்தால், திரும்ப வந்து உட்கார்ந்ததும் பிரிப்பதுதான் முதல் வேலையாக இருக்கும்.

மூத்தவளுக்கு மூன்று வயது நடந்தபோது தொடங்கினோம். இப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. தம்பிக்கு மூன்று முடிந்துவிட்டது. ஆக, ஒரே தட்டை இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் பயன்படுத்துவதைப் பார்த்தாகிவிட்டது. எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். அடுப்படி சின்னது, வெயில் நேராக விழும், எறும்புக்குக் குறைவே இல்லை. கீழே எழுதியிருப்பதை எல்லாம் இந்த மூன்றையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

இணையத்தில் "மொண்டிசோரி அலமாரி" என்று போட்டு நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கிறார்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில்தான் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து சில வருடங்கள் இந்தியாவிலும் இருந்தார். பிள்ளையின் உயரத்துக்குப் பொருள் எட்ட வேண்டும் என்றுதான் அந்த அம்மா கேட்டார். பைன் மரத்தில் இழைத்துத் தரச் சொல்லவில்லை. பழைய ரேடியோ வைத்திருந்த குட்டை அலமாரியைத் துடைத்து அடுப்படி ஓரத்தில் போட்டோம். மேல் தட்டில் தண்ணீரும் டம்ளரும். கீழ்த் தட்டில் ஆளுக்கொரு டப்பா. பக்கத்தில் ஆணியில் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

தண்ணீர்தான் எங்களை அதிகம் ஆட்டிவைத்தது. குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் வாங்கினோம். திருகித் திறக்கும் குழாய். பிள்ளைக்குத் திறக்கத் தெரியும், மூடும் ஞாபகம் வராது. அதைக் கொடுத்துவிட்டு, விரலால் அழுத்தினால் மட்டும் ஓடி, விரலை எடுத்தால் தானே நின்றுவிடும் வகையை வாங்கியதிலிருந்து தரை காய்ந்தே இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசைப் பார்க்காமல் செலவழிக்கலாம் என்றால், அது இந்தக் குழாய்தான். டிரம்மையும் நிரப்புவதில்லை. காலையில் கொதித்து ஆறிய தண்ணீரை அரை லிட்டர் அளவுக்கு ஊற்றி, மத்தியானம் இன்னொரு முறை ஊற்றுகிறேன். மொத்தமாகக் கவிழ்ந்தாலும் ஒரு துணியில் அடங்கிவிடும். ஒன்றை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை: வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். டிரம் பளபளவென்று இருக்கும், குழாயின் உள்பக்கம் வழவழவென்று பாசி பிடித்திருக்கும்.

டம்ளர் அடி கனமான எவர்சில்வர், சிறியது. உடையாது, விழுந்தால் வீடே கேட்கும் சத்தம் வரும், அதுவும் ஒரு வசதி. பிளாஸ்டிக் கப் இலேசாக இருப்பதால் தண்ணீர் விழும் வேகத்திலேயே சாய்ந்துவிடுகிறது.

சுடுதண்ணீர் மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வரவே வராது. எங்கள் பக்கம் பல வீடுகளில் மாதத் தவணையில் சூடு, குளிர் இரண்டும் தரும் இயந்திரம் வந்துவிட்டது. பூட்டு இருக்கிறது என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பூட்டை நான்கு தடவை பார்த்தால் கற்றுக்கொண்டுவிடும். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், பிள்ளைகளின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. எங்கள் தெர்மோஸ் உயரத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் டப்பா. திருகு மூடியைச் சின்னவனால் திறக்க முடிகிறது, சரியாக மூட முடிவதில்லை. நாலு பக்கமும் கொக்கி போட்ட டப்பா காற்றுப் புகாது, உண்மை. ஆனால் பிள்ளை பலம்கொண்ட மட்டும் இழுக்க, மூடி பிடுங்கிக்கொண்டு வந்து ரொட்டி கூரை வரைக்கும் போகிறது. கடைசியில் நின்றது ஓரத்தில் நாக்குப் போல நீட்டிய, அழுத்தி மூடும் சாதாரண டப்பா. தம்பி அதைத் திறப்பதைப் பார்க்க வேண்டும். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அந்த நுனியைத் தள்ளுவான். 'டப்' என்று திறந்ததும் எடுத்துத் தின்னமாட்டான். முதலில் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பான். மூடும்போது மூன்று மூலை பதியும், நான்காவது திறந்தே கிடக்கும். அந்த நான்காவது மூலைக்குத்தான் எறும்பு காத்திருக்கிறது.

எறும்புக்கு நம் வீடுகளில் ஒரு பழைய வைத்தியம் உண்டு, அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது. அதில் ஒரு வில்லங்கம். ஏடிஸ் கொசு வீட்டுக்குள் முட்டையிடும் இடங்களில் அந்தக் கிண்ணமும் ஒன்று. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். டிங்கிக் (டெங்கு) காய்ச்சலுக்குப் பயந்து நான் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சனிக்கிழமை தோறும் கொட்டிக் கழுவுகிறேன். இது பிடிக்காதவர்கள் டப்பாவை ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்துவிடலாம். ரொட்டி நமுக்காது, எறும்பும் வராது.

டப்பாவுக்குள் என்ன இருக்கும்? கிரீம் கிராக்கர் ரொட்டி, பிள்ளைக் கைக்கு அளவான பிசாங் மாஸ் வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளித் துண்டு, சில நாள் காலையில் மிஞ்சிய குட்டி இட்லி. சமைத்தது எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு என்பார்கள். நம் ஊரில் மத்தியான வெயில் அதைத் தாண்டாத நாள் குறைவு. பப்பாளி, தெம்பிக்காய் (தர்பூசணி) எல்லாம் வெட்டி ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டில்.

என்ன இருக்காது என்பதுதான் முக்கியம். என் கணவர் ஈப்போ பக்கம் போனால் புந்தோங்கில் நிறுத்தி ஒரு பை கச்சாங் பூத்தே (கடலை, முறுக்குக் கலவை) வாங்காமல் வரமாட்டார். மூத்தவளுக்கும் அது உயிர். ஆனால் கடலை, முறுக்கு, கல் மிட்டாய் எதுவும் அந்தத் தட்டுக்கு வராது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை, கெட்டி மிட்டாய், சோளப்பொரி கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. கடைவாய்ப் பல் வந்திருந்தாலும் அரைத்து மெல்லும் பழக்கம் அந்த வயதில் முழுசாக வந்திருக்காது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுகிறேன். ரம்புத்தான் பருவத்தில் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் டப்பாவுக்குப் போகும். சின்னக் கிண்ணத்தில் வரும் கொன்யாக்கு (ஒரு கிழங்கு மாவு) ஜெலி எங்கள் வீட்டுக்குள்ளேயே வராது. தொண்டையில் அடைத்த சம்பவங்களால் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடும் வீட்டில் நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கமாட்டீர்கள், அதனால் இந்தப் பட்டியலில் என்னிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. சாப்பிடும்போது பாயில் உட்கார வேண்டும், ஓடக்கூடாது என்பதும் அதனால்தான்.

நேரக் கட்டுப்பாடு வேண்டுமா என்பதில் தோழிகளோடு எனக்கு அடிக்கடி வாக்குவாதம் வரும். தட்டு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும், பிள்ளையின் வயிறு பிள்ளைக்குத் தெரியும் என்பது ஒரு கட்சி. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பங்கீடு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. நாள் முழுக்கக் கொறிப்பதை அவர் ஏற்பதில்லை. பல்லுக்கும் கொறிக்காமல் இருப்பதுதான் நல்லது. வாயில் இனிப்போ மாவோ போகும் ஒவ்வொரு முறையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலம் உண்டாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய இடைவெளி வேண்டும். இந்த நாட்டில் 2015-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேருக்குப் பற்சொத்தை. அதனால் எங்கள் வீட்டில் தண்ணீர் எந்நேரமும், டப்பா பள்ளி விட்டு வந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. டப்பாவில் இருப்பதை ஒரே மூச்சில் காலி செய்தாலும் கேட்கமாட்டேன். முதல் இரண்டு வாரம் தினமும் காலி. அப்புறம் பாதி மிஞ்ச ஆரம்பித்தது.

பானங்களில் மைலோ என்ற சாக்லேட் மால்ட் பானம்தான் பிரச்சினை. மலேசியப் பிள்ளை ஒன்றிடம் உனக்கு மைலோ கிடையாது என்று சொல்லிப் பாருங்கள்! குளிர்ந்த தண்ணீரில் அது கரையாது, தூளைக் கரண்டியால் அள்ளித் தின்பதில்தான் முடியும். ஆகவே மைலோ டின் மேலே. காலையில் நான் கலக்கித் தருவதோடு சரி. பெட்டிப் பானங்களுக்கு அரசாங்கக் கணக்கையே கடன் வாங்கிக்கொண்டேன். 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது, பிறகு ஏறிக்கொண்டே போகிறது. அந்த 5 கிராம்தான் எங்கள் தட்டுக்கும் எல்லை. பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த எல்லைக்குள் நிற்பவை மிகச் சிலதான் என்பதும் தெரிந்துவிடும்.

என் மாமியாருக்கு இதெல்லாம் வேடிக்கை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். "நாங்க விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போயிடுவோம். உன் புருஷன் அஞ்சு வயசுலயே தானா காப்பி ஊத்தி ரொட்டிய முக்கித் தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போனான். இதுக்கு ஒரு அலமாரியாம்மா?" என்பார். (பெரட்டு என்பது வேலைக்கு முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கக் கூடுவது.) அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகள் தானே எடுத்துச் சாப்பிடுவது யாரும் கற்றுக்கொடுத்து வந்ததல்ல. ஆயாக் கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) வயது தாண்டினால் வேறு வழி இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் ரொட்டி, காப்பி, சீனிப்பால் டின் தவிர எட்டுவதற்கு எதுவும் இல்லை. இன்றைக்கு முக்குக் கடை வரைக்கும் எல்லாம் எட்டுகிறது. அந்த சீனிப்பால் டின்னையே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமர்தான் இப்போது வருகிறது. பிஞ்சுக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று டின்னிலேயே போட்டிருக்கும். மாமியார் அதை ரொட்டியில் தடவித் தருவதை நான் தடுப்பதில்லை. பாட்டி கொடுப்பது தட்டுக் கணக்கில் சேராது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

உறவுக்காரப் பிள்ளைகள் வரும் நாளில் இந்த ஏற்பாடு முழுசாகக் குலைந்துவிடும். நாலைந்து பிள்ளைகள் ஒன்றாகக் குழாயை அழுத்தினால் டிரம்மைத் தூக்கி மேலே வைப்பதுதான் வழி. டப்பாக்களையும் எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே தாம்பாளத்தில் பழம் வெட்டி வைத்துவிடுவேன்.

வயது பற்றி ஒரு வார்த்தை. மூன்று வயதில் திறக்க, எடுக்க, டம்ளரைத் திரும்ப வைக்க வரும். சிந்தியதைத் துடைப்பது விளையாட்டாக வரும். ஐந்து வயதில் ரொட்டியில் வெண்ணெய் தடவ, சின்னக் கூஜாவிலிருந்து பால் ஊற்ற வந்தது. கூஜாவில் ஒரு கப் அளவுக்கு மேல் பால் இருக்கக்கூடாது, மீதி பெரிய போத்தலில். இப்போது மூத்தவள் தன் டப்பாவைத் தானே நிரப்புகிறாள், தம்பியின் டப்பாவையும் சேர்த்து. அவனுக்கு வேண்டுமென்றே சின்ன வாழைப்பழம் வைக்கிறாள் என்ற புகார் எனக்கு வந்திருக்கிறது, விசாரித்ததில் உண்மை.

செலவு பெரிதில்லை. டிரம், டப்பா, டம்ளர் எல்லாம் சேர்த்து ஐம்பது வெள்ளியைத் தாண்டவில்லை, அதில் பாதி அந்தக் குழாய் டிரம்மே. உங்கள் ஐஸ் பெட்டியில் கீழ்ப்பகுதி உறைபெட்டியாக இருந்தால் பிள்ளைக்கு எட்டும் குளிர்ந்த தட்டு கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் பழத்தைக் கதவின் கீழ் அடுக்கில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் எட்டாவிட்டால் ஸ்டூல் போட்டு ஏறவிட வேண்டாம், பழத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு ரொட்டி, தண்ணீர் இரண்டோடு தொடங்குங்கள்.