பைக்கோ 2: தறி போர்டு செய்பவர்கள் வாங்கலாமா?

தறி நிறுத்தும் போர்டு, ஜவ்வரிசி ஆலை மோட்டாருக்கு டைமர், ஏற்காட்டில் காபி உலர்த்தும் டிரம்முக்கு வெப்பக் கட்டுப்பாடு என்று பத்து இருபது எண்ணிக்கையில் போர்டு செய்பவர்கள் ராஸ்பெர்ரி பை பைக்கோ 2 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டை வாங்கலாம். ஒரே நிபந்தனை, அதிலுள்ள சிப்பின் மேற்பக்கத்தில் அச்சிட்ட எழுத்து, திருத்திய பதிப்பைக் குறிக்கும் ஏ4 என்று முடிய வேண்டும். பழைய பதிப்பான ஏ2 என்று முடிந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த போர்டு, அறிவித்த விலை 5 டாலர். உள்ளே ஆர்பி2350 சிப், 150 மெகாஹெர்ட்ஸ், 520 கேபி ராம், வெளியே 4 எம்பி ஃபிளாஷ். பழைய பைக்கோவுக்கு வரைந்த பிசிபியில் அப்படியே உட்காரும். தறிக்கு இந்த வேகம் தேவையே இல்லை. அதனால் வேகத்தை விட்டுவிட்டு, கை சுடும் இடத்துக்குப் போவோம்.

பாவு இழை அறுந்தால், அதில் தொங்கும் ட்ராப் பின் என்ற உலோகத் தகடு விழுந்து கீழே உள்ள பட்டையைத் தொடும், போர்டு தறியை நிறுத்தும். இந்தத் தொடுப்பை 3.3 வோல்ட்டுக்குக் கொடுத்து, சிப்பின் உள்ளேயே இருக்கும் புல்-டவுனை (தொடுப்பு இல்லாதபோது வோல்டேஜை 0-க்கு இழுக்கும் ரெசிஸ்டர்) நம்பி புரோகிராம் எழுதியிருந்தால் ஏ2 சிப் காலை வாரிவிடும். நெசவாளர் இழையை முடிந்து, ட்ராப் பின்னைத் தூக்கி மாட்டி, ஸ்டார்ட்டை அழுத்துவார். தறி ஓடாது. சிப்பின் அந்த இன்புட் காலில் (பின்னில்) மீட்டரை வைத்தால் 0 வராது, 2.2 வோல்ட் அருகில் நிற்கும். இன்புட் காலிலிருந்து சுமார் 120 மைக்ரோ ஆம்பியர் வெளியே கசிகிறது. உள்ளே இருக்கும் புல்-டவுனுக்கு அதைக் கீழே இழுக்கும் தெம்பு கிடையாது. இழை இன்னும் அறுந்தே கிடப்பதாகப் புரோகிராம் நினைத்துக்கொள்கிறது. போர்டு எரிந்துபோச்சு என்று மாற்றினால், புதுப் போர்டும் அதையேதான் செய்யும்.

இதுதான் ஈ9 என்று பேர் வாங்கிய பிழை. வெளியில் 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைந்த புல்-டவுன் போட்டால் அடங்கும், 4.7 கிலோ ஓம் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைவிட நல்லது, வயரிங்கைத் திருப்பிவிடுவது: தொடுப்பைக் கிரவுண்டுக்குக் கொடுத்து, 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் புல்-அப் போடுங்கள், அந்தப் பக்கம் இந்தக் கசிவுத் தொல்லை இல்லை. 24 வோல்ட் சென்சார் என்றால் நடுவில் பிசி817 ஆப்டோ (சிக்னலை ஒளியால் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் சிப்), அதன் எல்இடி பக்கம் 2.2 கிலோ ஓம். அதில் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடி கால் வாட் சூடு வரும், எனவே அரை வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள்.

இத்தனை சோதனை தாண்டி இது எப்படி வெளியே வந்தது என்று கேட்கலாம். சிப்பைச் செய்யும் முன் கணினியில் ஓட்டிப் பார்க்கும் லாஜிக் சிமுலேஷன் 0, 1 போன்ற நிலைகளைத்தான் பார்க்கும். நடுவில் தொங்கும் வோல்டேஜ் அதன் கண்ணில் படாது. சிலிக்கானில் விழுந்த தப்பை அப்டேட் போட்டுத் திருத்தவும் முடியாது, சிப்பை அச்சிடும் மாஸ்க்கையே மாற்ற வேண்டும். திருத்திய ஏ4 வர 2025 ஜூலை ஆயிற்று. ஏ4-இல் இன்னொரு லாபம், 3.3 வோல்ட் சப்ளை இருக்கும்வரை டிஜிட்டல் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்கும். ஏடிசி (வோல்டேஜை அளந்து எண்ணாக்கும் பகுதி) கால்களான ஜிபிஐஓ 26 முதல் 29 வரை அந்தக் கணக்கில் வராது.

அடுத்தது காப்பி அடிக்கும் தொல்லை. பழைய பைக்கோவில் புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டிப் படித்தால் உங்கள் புரோகிராம் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். புதியதில் செக்யூர் பூட் உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். செக்யூர் பூட் என்பது கையெழுத்துச் சரிபார்ப்பு மட்டுமே. உங்கள் போர்டில் வேறு ஆள் எழுதிய புரோகிராம் ஓடாது, அவ்வளவுதான். ஃபிளாஷில் இருப்பதைப் படித்து, பூட்டாத புதுச் சிப்பில் போட்டால் ஜோராக ஓடும். காப்பியைத் தடுக்க வேண்டுமானால் என்கிரிப்ஷனும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) வேண்டும். அப்போது புரோகிராம் ராமில் பழைய வடிவுக்கு மாற்றப்பட்டு (டிகிரிப்ட்) அங்கிருந்தே ஓடும், எனவே டேட்டாவோடு சேர்த்து 520 கேபிக்குள் அடங்க வேண்டும். மைக்ரோபைத்தானில் எழுதுபவர்களுக்கு இது உதவாது. ஃபைல் திறந்தே கிடக்கும், யூஎஸ்பி கேபிள் செருகினால் போதும்.

செய்முறை: ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் secp256k1 வகைச் சாவி உருவாக்குங்கள். பைக்கோவுக்கான பைக்கோடூல் மென்பொருளில் 'சீல்' கட்டளையால் புரோகிராமில் கையெழுத்திடுங்கள். அது தரும் ஜேசான் ஃபைலை ஓடிபியில் ஏற்றுங்கள். ஓடிபி என்றதும் போனுக்கு வரும் எண்ணை நினைக்க வேண்டாம்; இது ஒரே முறை எழுதும் நினைவகம், மொத்தம் 8 கேபி, எழுதினால் அழியாது. போர்டு சரியாகப் பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகே டீபக்கை (சிப்பின் உள்ளே எட்டிப் பார்க்கும் சோதனை வழி) மூடி, வோல்டேஜைக் குலைத்து ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கும் கிளிட்ச் டிடெக்டரை இயக்கி, மீதிச் சாவி இடங்களைச் செல்லாததாக்குங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டீபக் திறந்திருந்தால் ராமில் டிகிரிப்ட் ஆன புரோகிராமை அந்த வழியாகவே உருவிவிடலாம். வரிசை மாறினாலோ போர்டு குப்பைக்கு. முதல் ஒன்றிரண்டை பலியாடு என்று ஒதுக்கிவிடுங்கள்.

பூட்டு எவ்வளவு திடம்? ராஸ்பெர்ரி பை கம்பெனியே இதை உடைப்பவருக்குப் பரிசு அறிவித்து, 10,000 டாலரை 20,000 ஆக்கியது. 2025 ஜனவரியில் முடிவு வந்தபோது ஒன்றுக்கு மேற்பட்டோர் உடைத்திருந்தார்கள். ஒருவர் லேசர் வைத்தார், ஒரு குழு அயன் பீம் கருவியால் ஓடிபியையே படித்தது. தறி போர்டுக்காக அந்தச் செலவை யாரும் செய்யப்போவதில்லை. பயப்பட வேண்டியது சிப்பின் 53-ஆம் பின் வழி: ஓடிபிக்கு மின்சாரம் போகும் அந்தப் பின்னில் சரியான நொடியில் வோல்டேஜை இறக்கினால் மூடிய டீபக் திறந்துகொண்டது. இதற்குப் பெரிய லேப் வேண்டாம். ஏ4-இல் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், ஏ2-இல் அப்படியே இருக்கிறது.

பைக்கோ போர்டு இல்லாமல் சிப்பை மட்டும் வாங்கிச் சொந்த பிசிபி போடுபவர்களுக்கு ஒன்று. கோர் சப்ளைக்கு வரும் 3.3 மைக்ரோ ஹென்றி சுருளில் புள்ளி இருக்கும். அதைத் திருப்பி வைத்தாலும் சில போர்டுகள் ஓடும், லோடு ஏறும்போது மக்கர் செய்யும். சுருளுக்கு ஏது திசை என்று அசெம்பிளி ஆள் கேட்பார், இதற்கு உண்டு.

ஏடிசி சுமார்தான். டிரம் வெப்பநிலை அலைபாய்ந்தால் புரோகிராமில் ஜிபிஐஓ 23 என்ற காலை ஹையாக வைத்துப் பாருங்கள், போர்டின் சப்ளை இரைச்சல் குறையும்.

கடையில் வாங்கும்போது லென்ஸ் வைத்து எழுத்தைப் படியுங்கள். ஏ2 சரக்கும் விற்பனையில் இருக்கலாம், மேலுறையை மட்டும் நம்ப வேண்டாம். கையெழுத்துச் சாவியை இரண்டு பென்டிரைவில் தனித்தனி இடத்தில் வையுங்கள். அது தொலைந்தால், ஜலகண்டாபுரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டுக்கு அடுத்த திருத்தத்தை உங்களாலும் ஏற்ற முடியாது.