இருபது நிமிடத்தில் திருநந்திக்கரை: ஒரு நாள் கார்ச் சுற்றுலாவைப் பற்றி

சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்துக்காக, நாகர்கோவிலில் உள்ள சுற்றுலா முகவர் ஒருவரிடம் கடந்த தை மாதம் ஒரு நாள் கார்ப் பயணம் பதிவு செய்தோம். ஐந்து பேருக்கு, மதிய உணவு நீங்கலாக, ரூ.4,200. திற்பரப்பு அருவி, திருநந்திக்கரை, பேச்சிப்பாறை அணை ஆகிய மூன்று இடங்கள். வண்டி சுத்தமாக இருந்தது, சொன்ன நேரத்துக்கு வந்தது, ஓட்டுநரும் வளைவுகளில் நிதானம் தவறவில்லை. குறை முழுவதும் நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான்: அருவிக்கு இரண்டரை மணி நேரம், அணைக்கு ஒரு மணி நேரம், திருநந்திக்கரைக்கு இருபது நிமிடம்.

குலசேகரத்தை அடுத்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் திருநந்திக்கரை. அங்கிருந்து சிறிது தொலைவு சென்றால், பேச்சிப்பாறைப் பக்கம், சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தின் காடு தொடங்கிவிடுகிறது. ஊரின் பெருமை, பாறையைக் குடைந்து எடுத்த 8ஆம் நூற்றாண்டுச் சிவன் கோவில். இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஒரு காலத்தில் இதன் சுவர்களில் நிறைந்திருந்த ஓவியங்களில் இப்போது மங்கிய கோடுகளும் சில வண்ணத் திட்டுகளுமே எஞ்சியுள்ளன. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் வெறும் கறுத்த பாறைதான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகி, கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருவமாகத் தெரியவே பத்து நிமிடத்துக்கு மேலாகிறது. எங்களுக்கு அது கூடிவந்த நேரத்தில் கீழே வண்டியின் ஒலிப்பான் அலறியது.

கல்வெட்டைப் பற்றி வண்டியில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. முதலாம் இராஜராஜனின் 18ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு இங்கே உண்டு. அவன் பிறந்த ஐப்பசிச் சதயத்துக்கு விழா எடுப்பதையும், முட்டம் என்ற ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றியதையும் அது பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோவிலில் ஆண்டுதோறும் கொண்டாடும் அதே சதய விழாவின் ஆயிரமாண்டுத் தடயம் ஒன்று நம் ரப்பர் தோட்டத்து மூலையில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால், கைப்பேசியில் மூழ்கியிருந்த மைத்துனரின் மகன்கூட ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருப்பான்.

நேரத்தின் அளவு மட்டுமல்ல, வரிசையும் பிழைதான். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நண்பகலில் வந்து இறங்கியபோது, அருகிலுள்ள மகாதேவர் கோவிலின் நடை சாத்தியிருந்தது. சிவராத்திரியில் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடியே செல்லும் சிவாலய ஓட்டத்தில், கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று ஓடுகிறவர்கள் திற்பரப்புக்கு அடுத்து நான்காவதாக வந்து சேரும் கோவில் அது. அந்த ஓட்டத்தின் ஊர் வழியாகக் கூட்டிச் செல்பவர்கள் நடை திறக்கும் நேரத்தையாவது அறிந்திருக்க வேண்டாமா? முகவரிடம் பின்னர் இதைச் சொன்னபோது, "அங்க ஒரு பாறைதானே சார் இருக்கு, பிள்ளைகளுக்கு அருவிதான் பிடிக்கும்" என்றார். பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சிப்பாறையில் ஓட்டுநர் எங்களை வியக்க வைத்தார். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1906இல் முடிந்த இந்த அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையைத் தானாகவே காட்டி, 48 அடி நீர்மட்டக் கணக்கையும் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் போகும் வழியையும் விளக்கினார். அவரிடமே திருநந்திக்கரையையும் பொறுப்பாக ஒப்படைத்திருந்தால் இந்தக் குறையே எழுந்திருக்காது.

அடுத்த மாதம் நானும் மனைவியும் மட்டும் நாகர்கோவில் வடசேரியிலிருந்து பேருந்தில் குலசேகரம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். காலை எட்டு மணிக்குத் தோட்டங்களில் பால்வெட்டு முடிந்து, மரங்களில் சிரட்டைகள் பாதி நிரம்பியிருந்தன. முதலில் நடை திறந்திருந்த கோவிலில் ஓட்டுக்கூரையையும் மரவேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு, பிறகு குடைவரையில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். எங்களை அவசரப்படுத்த அங்கே ஒருவரும் இல்லை. குடிநீரைக் கையில் கொண்டுபோவது நல்லது. பாறையருகே கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் குலசேகரத்தில் ஒரு சிறிய கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். கறியில் புளி சற்றுத் தூக்கல், கிழங்கு நன்றாக வெந்திருந்தது. வாசலில் தொங்கிய மட்டிப்பழக் குலையிலிருந்து ஒரு சீப்பும் வாங்கிக்கொண்டோம். பேருந்து, ஆட்டோ, சாப்பாடு, பழம் எல்லாம் சேர்த்தும் செலவு அறுநூறு ரூபாயைத் தாண்டவில்லை. சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உடன் வந்தால் அந்தக் காரையே அமர்த்தலாம். ஆனால் முன்பணம் கொடுக்கும்போதே, காலையில் முதல் இடம் திருநந்திக்கரை, அங்கே இரண்டு மணி நேரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.