ஹர்லி எத்தனை அங்குலம்? கார்க்கில் ஆடிப் பார்த்த கணக்கு

ஹர்லி என்பது அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் பிடிக்கும் மட்டை. என் உயரம் 5 அடி 8 அங்குலம். இடுப்பெலும்பு வரை அளந்தால் எனக்கு 35 அங்குல ஹர்லி வருகிறது. நான் வாங்கும் கடையின் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை 34 என்கிறது. இப்போது நான் வைத்து ஆடுவது 33. நடுவில் அந்த இரண்டு அங்குலம் எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை. டப்ளினிலும் லிமரிக்கிலும் புதிதாக மைதானத்துக்குப் போகத் தொடங்கிய நம்மவர்கள் சிலர் "அண்ணா, எத்தனை இன்ச் வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். எந்த இடத்தில் நிற்கிறாய் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஹர்லிங்கைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கம் 15 பேர், ஆஷ் மரத்தில் செய்த மட்டை, 110 முதல் 120 கிராம் எடையுள்ள ஸ்லிட்டர் என்கிற தோல் பந்து. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதாவது மூன்று புள்ளி. பந்தைத் தரையில் அடிக்கலாம், காற்றில் அடிக்கலாம், கையில் பிடிக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமானால் பந்து மட்டையின் அகன்ற நுனியில் உட்கார்ந்து வர வேண்டும். அந்த அகன்ற பகுதிக்குப் பெயர் பாஸ். அதன் அகலம் 13 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது என்பது விதி. கோல்கீப்பருக்கு மட்டும் விலக்கு.

அளக்கும் முறை எளிது. ஆடும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். பாஸ் தரையில் படும்படி மட்டையைக் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். கைப்பிடியின் மேல்முனை இடுப்பெலும்பைத் தொட்டால் அதுதான் உங்கள் நீளம் என்பார்கள். இது உயரத்தைவிடக் காலைத்தான் அளக்கிறது. என்னோடு ஆடும் ஒருவர் என் உயரமேதான், ஆனால் கால் நீளம். அவருக்கு இதே முறையில் 36 வருகிறது. அதனால் உயரத்தை மட்டும் வைத்து எண் சொல்லும் அட்டவணைகளை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த இடுப்பு அளவு வேறொரு ஆட்டத்துக்குப் பொருந்தியது என்பது என் எண்ணம். தரையிலேயே பந்தை ஓங்கி அடித்து நீளமாக அனுப்பிய காலத்தில் வீச்சுக்கு இடம் இருந்தது, நீள மட்டைக்கு வேலையும் இருந்தது. இன்றைக்குப் பந்தை எடுத்துக் கையில் வைத்து, கையாலேயே பக்கத்து ஆளுக்குத் தட்டி, நான்கு பேர் நெருக்கும் இடத்தில் சுழன்று வெளியே வருகிற ஆட்டம். 2024 அகில அயர்லாந்து இறுதியில் கிளேர் மாவட்ட அணியின் டோனி கெல்லி போட்ட கோலைத் தேடிப் பாருங்கள். பந்து அவர் மட்டை நுனியிலேயே துள்ளித் துள்ளி வர, கார்க் தடுப்பாளர்கள் நடுவே நுழைந்து முடித்தார். (எங்கள் ஊர் ஒரே ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டம். இங்கே அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.) அவர் வைத்திருந்த மட்டை எத்தனை அங்குலம் என்பது முக்கியமில்லை. அந்த இடுக்கில் அகன்ற வீச்சுக்கு இடமே இல்லை என்பதுதான் பார்க்க வேண்டியது.

கிரிக்கெட் ஆடி வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். வலக்கைக்காரர் கிரிக்கெட் மட்டையில் இடக்கையை மேலே வைப்பார். ஹர்லியில் வலக்கைதான் மேலே. இடக்கை அடிக்கும் நேரத்தில் மட்டும் கீழே வந்து சேரும், மற்ற நேரமெல்லாம் பந்தைப் பிடிக்கச் சும்மா இருக்கும். அதாவது ஆட்டத்தின் பெரும்பகுதி மட்டை ஒற்றைக் கையில். கடையில் இரண்டு கையாலும் பிடித்து ஸ்ட்ரோக் ஆடிப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று வாங்குவது அதனால்தான் சரிவராது. வலக்கையால் மேல்முனையைப் பிடித்து, கையை நேராக முன்னே நீட்டி, மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பாஸ் தாழ்ந்துகொண்டே போனால் அந்த மட்டை உங்களுக்கு நீளம், அல்லது கனம். இரண்டுக்கும் மைதானத்தில் பலன் ஒன்றுதான்.

சரி, என் மட்டைகளுக்கு வருகிறேன். கிளப்பில் முதலில் என் கையில் கொடுத்தது 35. நிறுத்திய இடம் கார்னர் பேக். கடைசித் தடுப்பு வரிசையின் ஓரம், எதிரணியின் வேகமான ஆள் ஒருவனை ஒட்டிக்கொண்டே திரிகிற வேலை. இங்கே 35 தன் மதிப்பைக் காட்டும் இடம் ஒன்று உண்டு, அதுதான் ஹூக். எதிராளி அடிக்க ஓங்கும்போது பின்னாலிருந்து நம் மட்டையை ஒற்றைக் கையால் நீட்டி அவன் வீச்சைத் தடுப்பது. ஓட்டத்தில் அவன் என்னைத் தாண்டிவிட்ட பிறகும் அந்தக் கடைசி அங்குலம் பல தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. தலைக்கு மேல் இறங்கும் பந்தைக் குலைக்கவும் நீளம் உதவும். நேருக்கு நேர் பாய்ந்து தடுப்பதற்கு மட்டும் நீளத்தால் பயனில்லை. அங்கே இரண்டு கையையும் சேர்த்து எதிராளியின் மட்டைக்கு மிக அருகே போக வேண்டும். தள்ளி நின்று நீட்டினால் விரல்தான் அடிபடும்.

தொல்லை தொடங்குவது பந்து நம் கைக்கு வந்த பிறகு. முதுகில் ஒருவன் சாய்ந்துகொண்டிருக்கிறான், பந்து காலடியில் கிடக்கிறது, குனிந்து எடுத்துத் திரும்பி அடிக்க அரை நொடி. 35 அங்குல மட்டையைச் சுழற்ற அந்த அரை நொடி போதவில்லை. அதனால் நான் என்னை அறியாமலே கையைக் கீழே இறக்கிப் பிடிக்கத் தொடங்கியிருந்தேன். இதைக் காட்டிக்கொடுத்தது கைப்பிடியில் சுற்றியிருந்த டேப். கீழ்ப்பகுதி கறுத்துத் தேய்ந்திருந்தது. மேலே ஒன்றரை அங்குலம் வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. நான் பயன்படுத்தாத நீளத்தைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறேன், அந்த முனை திரும்பும்போதெல்லாம் முன்கையில் குத்திக்கொண்டும் இருந்தது. யார் நீளம் பற்றிக் கேட்டாலும் இப்போது நான் முதலில் பார்ப்பது அவர்கள் டேப்பைத்தான். எந்த அட்டவணையைவிடவும் அது நேர்மையாகப் பேசும்.

அப்புறம் 34. இது நடுக்களத்தில் ஆடியபோது. சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அதுவே அதன் சிறப்பு. ஓடிக்கொண்டே அடிக்க இடம் கிடைக்கும், தொலைவுக்கு அனுப்ப நீளம் போதும், நெருக்கத்தில் சிக்கினாலும் சமாளிக்கலாம். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து தரையில் வைத்து வெட்டி எடுக்கும் சைட்லைன் கட்டுக்கு எனக்கு இன்றும் 34தான் பிடிக்கும். எந்த இடத்தில் ஆடப் போகிறோம் என்று முடிவாகாத, சராசரி உயரமுள்ள பெரியவருக்கு கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம். ஆறு அடிக்கு மேற்பட்டவர்கள் 35, கார்னர் பேக்காக நிற்கும் நெட்டையர்கள் 36 வரை போகட்டும்.

பயிற்சியாளர் என்னைக் கார்னர் ஃபார்வர்டுக்கு மாற்றியபோதுதான் 33க்கு வந்தேன். வலைக்கு அருகே, ஓரத்தில், எப்போதும் ஒருவனாவது சட்டையைப் பிடிக்காத குறையாக ஒட்டியிருக்கும் இடம். பந்து வரும்போது மட்டையைப் பின்னுக்கு இழுக்க இடமே இருக்காது. மணிக்கட்டால் சொடுக்கி அடிக்க வேண்டும். 33 கைக்கு வந்த முதல் மாதம் எல்லாப் பந்தையும் பாஸின் விளிம்பிலேயே பட வைத்து வீணாக்கினேன். பழகிய தூரம் ஓரங்குலம் குறைந்ததைக் கண்ணும் கையும் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீளத்தை மாற்றுவதானால் போட்டிகள் தொடங்கும் முன் குளிர்காலத்தில், சுவரில் அடித்துப் பழகும் நாட்களில் மாற்றுங்கள். பருவத்தின் நடுவே வேண்டாம்.

பழகிய பிறகு கிடைத்தது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். முதல் தொடுதலிலேயே பந்து அடங்குகிறது. மட்டை நுனியில் பந்தை வைத்து ஓடும்போது முகத்துக்கு அருகே இருப்பதால் தலை குனியாமல் களத்தைப் பார்க்க முடிகிறது. என்னை ஹூக் செய்வதும் குறைந்துவிட்டது. தொலைவு போய்விடும் என்று பயந்தேன். கொஞ்சம் போயிற்று, உண்மைதான். ஆனால் மட்டையின் நடுவில் சுத்தமாகப் படும் அடி பெருகியதால் 40 மீட்டர், 45 மீட்டரிலிருந்து புள்ளி எடுப்பதில் வேறுபாடு தெரியவில்லை. 65 மீட்டரிலிருந்து ஃப்ரீ, அதாவது யாரும் குறுக்கிடாமல் அடிக்கக் கிடைக்கும் அடி, அதற்கு எங்கள் அணியில் வேறு ஆள் இருக்கிறார். இழந்தது உயரப் பந்து. என்னைவிட நெட்டையான தடுப்பாளன் நீள மட்டையோடு எழும்பினால் நான் போட்டிக்கே போவதில்லை, கீழே சிதறும் பந்துக்குக் காத்திருக்கிறேன். குட்டை மட்டைக்கு நன்றாகக் குனிய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுவலிக்காரர்கள் யோசித்து இறங்குங்கள்.

கோல்கீப்பர் விஷயம் தனி. அவர் மட்டையின் பாஸ் பெரிது, அதனால் கனம். எங்கள் கீப்பர் வராத நாட்களில் அவருடைய 35ஐ வாங்கி நின்றிருக்கிறேன். பந்தை நீளமாக வெளியே அனுப்பும்போது சுகம். அருகிலிருந்து வரும் அடிக்கு நகர்த்துவதற்குள் பந்து வலையில். அந்த நிலைக்கு வருபவர்கள் பெரிய பாஸை வைத்துக்கொண்டு நீளத்தில் ஓரங்குலம் விட்டுக்கொடுக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

ஓரங்குலத்தைவிடப் பெரிய விஷயம் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. என்னிடமிருக்கும் ஒரு 34 சமையலறைத் தராசில் 580 கிராம். வேறொரு கைவினைஞர் செய்த 33, 620 கிராம், அதுவும் பாரம் முழுக்க பாஸில். கையில் எடுத்தால் அந்த 33தான் நீளமாகத் தோன்றும். நீள மட்டையின் மேல்முனையை அறுத்துக் குட்டையாக்குவதில் உள்ள சிக்கலும் இதுதான். அறுக்கலாம், பலர் அறுக்கிறார்கள், ஹர்லி செய்பவரே மேல்முனைக் குமிழைத் திரும்பச் செதுக்கித் தருவார். ஆனால் பாஸின் எடை அப்படியே நிற்க, எதிர்ப்பக்கம் குறைந்துவிடுகிறது. என் பழைய 35ஐ 34 ஆக்கிப் பார்த்தேன். ஓரங்குலம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அறுப்பதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.

நல்ல ஆஷ் மட்டை அடிமரத்தில் கிடைப்பது. தரையிலிருந்து ஏறக்குறைய 1.3 மீட்டர் வரை, வேர் விரியும் இடத்தில் மரத்தின் ரேகை தானாக வளையும். அந்த வளைவு பாஸின் வளைவோடு சேர்ந்து ஓடினால்தான் மட்டை உடையாமல் தாங்கும். வாங்கும்போது ரேகையைப் பாருங்கள், பாஸின் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள். ஆஷ் மரத்தைக் கருகச் செய்யும் பூஞ்சை நோய் 2012இல் லெய்ட்ரிம் மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்டது. அதிலிருந்து உள்ளூர் மரம் அருகிக்கொண்டே வருகிறது. அதனால் கிளேரின் டோர்ப்பி பட்டறை மூங்கிலில் செய்கிறது. மைக்ரோ, கல்டெக் போன்ற நிறுவனங்கள் செயற்கைப் பொருளில் செய்கின்றன. நீளம் தேர்வு செய்கிறவருக்கு இவற்றால் ஒரு பெரிய வசதி, ஒரு 33 போலவே அடுத்த 33 இருக்கும். கைவேலையில் அப்படி இல்லை, இருவர் செய்த 34ஐ அருகருகே நிறுத்தினால் கால் அங்குலம் முன்பின் இருக்கும். நான் ஒரு பருவம் வைத்திருந்த செயற்கை மட்டை ஒன்று மழையிலும் எடை மாறாமல் நின்றது. குளிர் நாளில் அடி தப்பிப் பட்டால் கை அதிர்ந்து மரத்துப்போவதுதான் பிடிக்கவில்லை. ஆஷுக்கே திரும்பிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு வாங்கும் நம் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கிற வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நீள மட்டையைக் கொடுத்தால் குழந்தை கையைப் பாதிக்கு இறக்கிப் பிடிக்கும், அல்லது கனம் தாங்காமல் இடக்கையை மேலே கொண்டுபோகும். அந்தப் பிடியைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. என் மகள் கமோகி, அதாவது பெண்கள் ஆடும் ஹர்லிங், ஆடுகிறாள். பத்து வயதுக்குள் அவள் ஆடியது 26, பிறகு 28. கேட்டுப் பார்த்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சிறிதாகிப்போன மட்டைகள் ஒவ்வொரு வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலும் கிடக்கும். குழப்பமாக இருந்தால் எப்போதும் சிறியதை எடுங்கள்.

பெரியவர்கள் முடிந்தால் ஹர்லி செய்பவரின் பட்டறைக்கே போய் வாங்குங்கள். 33, 34 இரண்டையும் ஒற்றைக் கையில் மாற்றி மாற்றிச் சுழற்றிப் பார்க்க விடுவார், எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்றும் கேட்பார். நான் வாங்கியவை 30 முதல் 45 யூரோ வரை ஆயின. நீளம் உறுதியானதும் ஒரே ஆளிடம் ஒரே எடையில் இரண்டாக எடுத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே ஒன்று உடைந்தால் ஓரத்திலிருந்து யாரோ 35ஐ எறிவார்கள், மீதி நேரம் முழுக்க பந்து எங்கே படுகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். என்னுடைய இரண்டின் முனையிலும் 33 என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். பையில் இருபது மட்டை ஒன்றாகக் கிடக்கும்போது அது இல்லாமல் முடியாது.