சளியா, சிறுநீரா? டி.பி.யைப் பிடிக்கும் சோதனைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்களிடம் டி.பி. என்று பேச்செடுத்தால் "அது நம்ம வீட்டு நோய் இல்லை" என்று வாயை அடைத்துவிடுவார்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீடு அரிது. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது மட்டும் யார் காதிலும் ஏறாது.

பழைய வழி, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. 1882-இல் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் காட்டியதும் சாயமேற்றித்தான். மலிவு. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் பல நேரம் அவ்வளவு இருப்பதில்லை.

சளியை வளர்ப்பூடகத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தால் நூறுக்கும் குறைவாக இருந்தாலே தெரிந்துவிடும். நுட்பத்தில் குறையே சொல்ல முடியாது, நேரத்தில்தான் எல்லாக் குறையும். நம் குவாசுலு-நட்டாலின் டுகேலா ஃபெரியில் 2005-06-இல் கடும் மருந்தெதிர்ப்புக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். சளி கொடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. வளர்ப்புச் சோதனை முடிவுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளியை அடைக்க வந்தது ஜீன் எக்ஸ்பர்ட். கிருமியைத் தேடாமல் அதன் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு, டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதும் அதே ஓட்டத்தில். முதல் வடிவத்துக்கு மில்லிலிட்டருக்கு நூற்றுச் சொச்சம் கிருமி வேண்டும். பின்னால் வந்த அல்ட்ராவுக்குப் பதினாறே போதும். தென்னாப்பிரிக்கா 2011-இலேயே மைக்ரோஸ்கோப்பை ஒதுக்கி இதை முதல் சோதனையாக நாடெங்கும் கொண்டுவரத் தொடங்கிவிட்டது.

ஆனால் இங்கேயே நடந்த பெரிய ஆய்வில், மைக்ரோஸ்கோப்புக்குப் பதில் இதை வைத்ததால் இறப்பு குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. இயந்திரம் பெரும்பாலும் ஆய்வகத்தில் இருக்கிறது, நோயாளி கிளினிக்கில் இருக்கிறார். நடுவில் காகிதமும் டாக்ஸிக் கூலியும் இருக்கின்றன. தவிர, மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரியாவிட்டாலும் நோய்க்குறியைப் பார்த்தே மருந்து தொடங்கிய மருத்துவர்கள் ஏராளம். அல்ட்ராவின் கூர்மையே அதற்கு வினையாவதும் உண்டு. முன்பு சிகிச்சை முடித்தவரின் சளியில் கிடக்கும் செத்த கிருமியின் மரபணுவையும் எடுத்துக்கொண்டு, நோய் இருப்பதாகச் சொல்லிவிடும்.

சரி, சளியே துப்ப முடியாத அளவுக்கு ஒருவர் சோர்ந்து கிடந்தால்? அங்கேதான் சிறுநீர்ப் பட்டை. கிருமியின் மேலுறையில் உள்ள 'லாம்' என்ற மூலக்கூறைத் தேடுவது இது. சில துளி சிறுநீர், 25 நிமிடம், மின்சாரம் வேண்டாம். எச்.ஐ.வி.யோடு மருத்துவமனையில் சேர்ந்த காசநோயாளிகளில் நூற்றுக்கு 42 பேரைத்தான் பிடித்தது. ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் ஃபிலிம் கழுவும் வெள்ளி வேதியியலைப் பட்டைக்குள் புகுத்தியதும் அது 70 ஆனது. அதற்கு விலையும் உண்டு. நோயற்றவர் நூறு பேரில் தவறாகச் சுட்டப்படுபவர் ஐந்திலிருந்து ஒன்பதானார்கள். தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி முடிவு மாறுகிறது என்ற புகாரும் பின்னால் எழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், உயிர் காத்ததாகச் சோதனையில் தேறியது அந்த மழுங்கிய பழைய பட்டைதான். தென்னாப்பிரிக்கா உட்பட நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், எட்டு வார இறப்பு 25 சதவீதத்திலிருந்து 21-ஆக இறங்கியது. இந்த ஆய்வில் இருந்தவர்கள் படுக்கையில் கிடந்த கடும் நோயாளிகள், ஜீன் எக்ஸ்பர்ட் ஆய்வில் இருந்தவர்கள் கிளினிக்குக்கு நடந்து வந்தவர்கள். அதனால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்கக் கூடாது. இருந்தும், படுக்கையருகே அரை மணியில் கிடைக்கும் பதிலுக்குத்தான் என் ஓட்டு.

ஒற்றைப் புரத மூலக்கூறையே எண்ணும் சிமோவா போன்ற கருவிகளும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அற்புதம், கிளினிக் வரிசையில் நிற்பவருக்கு இப்போதைக்கு உதவாது.

எச்.ஐ.வி.யோடு வார்டில் சேர்பவருக்குச் சளியும் சிறுநீரும் சேர்த்தே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பட்டை மருந்தெதிர்ப்பைக் காட்டாது. சர்க்கரை மட்டும் உள்ள, இரண்டு வாரமாக இருமும் மாமாவுக்குப் பட்டை வீண், அல்ட்ராதான். அவர் முன்பே டி.பி. மருந்து சாப்பிட்டவர் என்றால், வெட்கப்படாமல் நர்ஸிடம் அதை முதலில் சொல்லிவிட்டு, சளியை வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.