எட்டு ஆண்டுகளாக ஒரே கோல்ஃப் மட்டைகள்: கழுவியதும் துடைத்ததும் கற்றதும்

2017ஆம் ஆண்டு வாங்கிய மட்டைகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். விதிகள் அனுமதிக்கும் 14 மட்டைகளில் என் பையில் இருப்பவை 12. பந்தை வெகுதூரம் அடிக்கும் டைட்டானியம் டிரைவர் ஒன்று, அதைவிடச் சிறிய ஃபேர்வே வுட் ஒன்று, வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுத்தரமான ஹைபிரிட் ஒன்று, ஐந்தாம் எண்ணிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை தட்டையான எஃகுத் தலை கொண்ட ஆறு அயர்ன்கள், முகம் 52 மற்றும் 56 டிகிரி சாய்ந்த, பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ்கள், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் ஒன்று. அயர்ன்கள் கார்பன் எஃகை அடித்து உருவாக்கி மேலே குரோம் பூசியவை. 56 டிகிரி வெட்ஜுக்கு மட்டும் எந்தப் பூச்சும் கிடையாது. சென்னையில் வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். உப்புக் காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருக்கும் ஊரில் எஃகை எட்டு ஆண்டுகள் காப்பாற்றிய அனுபவத்தை, புதிதாக மட்டை வாங்குவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் அக்கறையோடு செய்த வேலையே தவறாக இருந்தது. ஆடி முடித்து வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நிறைய வெந்நீர் ஊற்றி, சோப்புத் திரவம் கலந்து, அயர்ன்கள் அனைத்தையும் தலைகீழாக அதில் நிறுத்தி வைப்பேன். அழுக்கு நன்றாக ஊறிப் போகும் என்பது என் கணக்கு. 2019ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நாள் பயிற்சித் தளத்தில் ஏழாம் எண் அயர்னால் அடித்தபோது, பந்து படும் ஓசையோடு 'டக்' என்று இன்னொரு சிறு ஓசையும் கேட்டது. மட்டையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன். மட்டையின் தண்டான ஷாஃப்ட் தலைக்குள் இறங்கும் இடத்தில் இருக்கும் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் வளையம் மேலே நகர்ந்து, அதற்கும் தலைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. பழுது பார்ப்பவர் தலையைக் கழற்றியபோது உள்ளே ஷாஃப்டின் நுனி பழுப்பேறியிருந்தது. தலையையும் ஷாஃப்டையும் பிணைப்பது எபாக்ஸி பசை. திரும்பத் திரும்பப் படும் சூடு அதைத் தளர்த்திவிடும். கழுத்துவரை மூழ்கும் தண்ணீர் அந்த இணைப்புக்குள் கசிந்து இறங்கும். வெந்நீர் ஒரு பக்கம் இருக்க, கோடை முழுவதும் மட்டைப் பையைக் காரின் பின்பெட்டியிலேயே விட்டுவைத்த என் பழக்கமும் அதற்குத் துணை போயிருக்கிறது. அன்று முதல் பை வீட்டுக்குள்தான் இருக்கிறது. வெயிலில் நிற்கும் காரில் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை.

இப்போது நான் கழுவும் முறையில் வாளி உண்டு, ஆனால் தண்ணீர் நான்கு விரற்கடைக்கு மேல் இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ் ஆகியவை போதும். மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, மட்டும் நனைய வேண்டும், கழுத்து நனையக் கூடாது. முகத்தில் வரிவரியாக இருக்கும் பள்ளக் கோடுகளில் இறுகிப்போன மண்ணுக்கு நான் பயன்படுத்துவது தென்னை ஈர்க்குச்சி. பந்தை மேலே நிறுத்தி அடிக்க உதவும், மரத்தாலான டீ ஆணியாலும் கீறி எடுக்கலாம் என்றாலும், கோட்டின் அடிவரை சென்று, உலோகத்தில் ஒரு கீறலும் விடாமல், மண்ணைக் கயிறு போலத் திரட்டி வெளியே கொண்டுவருவதில் ஈர்க்குச்சிக்கு இணையானதை நான் கண்டதில்லை. கம்பிப் பிரஷ்ஷைக் குரோம் பூச்சின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். டிரைவரின் மேற்புறம் வண்ணம் பூசியது என்பதால் அதை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கோடுகளுக்காக இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. பந்துக்கும் முகத்துக்கும் நடுவே சிக்கும் புல்லும் ஈரமும் ஒதுங்க இடம் தருபவை அவையே. அவை அடைபட்டால் முகம் பந்தைப் பிடிக்காது, சுழற்சி குறையும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டிய பந்து, குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனைத் தாண்டி ஓடும். ஆனால் தேய்ந்த கோடுகளைக் கூர்தீட்டும் கருவியைக் கொண்டு சீவுவதை நான் ஏற்கவில்லை. 25 டிகிரியும் அதற்கு மேலும் சாய்வுள்ள, 2010 முதல் தயாரான மட்டைகளின் கோடுகளுக்குக் கொள்ளளவும் விளிம்பின் கூர்மையும் இவ்வளவுதான் என்று கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் வரம்பு வைத்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து சீவினால், விதிக்குப் புறம்பான மட்டையோடு போட்டிக்குப் போய் நிற்க நேரும். அழுக்கை எடுப்பது நம் வேலை, உலோகத்தை எடுப்பது நம் வேலை அன்று.

கழுவுவதைவிட உலர்த்துவதே பெரிது என்பதைக் கொடைக்கானல் எனக்குக் கற்றுத் தந்தது. மூன்று நாள் அங்கே ஆடினோம். காலை வெகுநேரம்வரை பனியில் ஊறிய புல், நடுப்பகலில் மூடுபனி, மாலையில் தூறல். ஆடி முடித்ததும் பட்டரைத் துணியால் ஒரு முறை துடைத்து, ஈரம் காயாத உறையை அப்படியே மாட்டிப் பையில் வைத்துச் சென்னைக்கு இறங்கிவிட்டேன். நான்கு நாள் கழித்து உறையைக் கழற்றியபோது பட்டரின் அடிப்பகுதியில் கடுகு கடுகாகத் துருப்புள்ளிகள். மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் நிறம் போயிற்று, ஆனால் விரல் நுனியால் தடவினால் அந்தக் குழிகள் இன்றும் தெரிகின்றன. அதன் பிறகு, மட்டைகளைத் துடைத்துச் சுவரில் சாய்த்து மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு நிறுத்தி வைக்கிறேன். உறைகள் தனியே கொடியில் காய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பையின் உள்துணியே ஈரம் குடித்திருக்கும் என்பதால், பையையும் வாய் திறந்து கவிழ்த்து வைக்கிறேன்.

பூச்சில்லாத வெட்ஜ் துருப்பிடிப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. முகத்தில் படரும் மெல்லிய பழுப்பால் ஆட்டத்துக்குக் குறை வந்ததாக நான் உணரவில்லை. வாரம் ஒரு முறை தையல் இயந்திர எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுகிறேன். தேங்காய் எண்ணெயைத் தடவிப் பார்த்ததில் தூசி அப்பிக்கொண்டது.

மட்டையின் ரப்பர் கைப்பிடியான கிரிப்பைப் பலரும் கவனிப்பதே இல்லை. கை வியர்வையும் வெயிலுக்குப் பூசும் களிம்பும் ரப்பரின் மேல் படிந்து அதை வழுக்கலாக்குகின்றன. வழுக்கும் கிரிப்பை நாம் அறியாமலே இறுகப் பிடிக்கிறோம். முன்கை விறைத்து வீச்சே கெடுகிறது. மாதம் இருமுறை சோப்பு நீரில் பிழிந்த துணியால் அழுத்தித் தேய்த்து, தூய ஈரத்துணியால் சோப்பைத் துடைத்து, நிழலில் காய வைத்தால் ரப்பரின் பிடிப்பு பெருமளவு திரும்பும். இருந்தும் எட்டு ஆண்டுகளில் நான்கு முறை எல்லா கிரிப்களையும் மாற்றியிருக்கிறேன். மட்டைக்காக நான் செய்த செலவுகளில் மனம் நிறைந்து செய்தது அதுதான்.

ஆட்டத்தின் நடுவில் செய்வது எளிது: பையில் ஒரு பாதி நனைந்த துண்டு, ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஒரு துடைப்பு. எனக்கு வழக்கமாகப் பை சுமந்து வரும் உதவியாளரான கேடி அண்ணன் மட்டையை வாங்கும்போதே துடைத்துத்தான் பையில் செருகுவார். மண் காயும் முன் துடைத்துவிட்டால் வீட்டில் பாதி வேலை இல்லை என்பதை அவரிடம்தான் கற்றேன்.

இன்றைய நிலையைச் சொல்வதானால், அயர்ன்களின் குரோம் பூச்சு எங்கும் உரியவில்லை. எட்டாம் எண்ணின் முகத்தில் மட்டும், பந்து வழக்கமாகப் படும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு மெருகு மங்கியிருக்கிறது. 56 டிகிரி வெட்ஜின் கோடுகள் மணல் குழிகளில் தேய்ந்து நகம் தட்டாத அளவுக்கு மழுங்கிவிட்டன. அதை இந்த ஆண்டு மாற்றுகிறேன். மீதி 11 மட்டைகளும் பையிலேயே இருக்கும்.