எஸ்.எஸ்.ஐ., எஸ்.எஸ்.டி.ஐ.: அமெரிக்க மாற்றுத்திறனாளி உதவித்தொகைகள், ஒரு மதிப்பீடு

ஒரே அலுவலகம், ஒரே மருத்துவ அளவுகோல், ஏறக்குறைய ஒரே பெயர். ஆனால் பணம் என்று வந்துவிட்டால் அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோஷியல் செக்யூரிட்டி தரும் இந்த இரண்டு உதவித்தொகைகளும் இரண்டு துருவங்கள். எஸ்.எஸ்.டி.ஐ. (சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸ்) என்பது சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கிடைக்கும் காப்பீடு. வங்கியில் எவ்வளவு இருக்கிறது, கணவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அது கேட்பதில்லை. 1974-ல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. (சப்ளிமென்டல் செக்யூரிட்டி இன்கம்) ஏழைகளுக்கான உதவி. சில்லறை வரைக்கும் எண்ணிப் பார்க்கும்.

எஸ்.எஸ்.டி.ஐ. கிடைத்தால் நல்ல சரக்கு. வரி கட்டிய சம்பாத்தியத்துக்குச் சேரும் புள்ளிதான் கிரெடிட். பொதுவாக 40 கிரெடிட் வேண்டும், அதில் 20 கடைசிப் பத்து ஆண்டுகளில் சேர்த்ததாக இருக்க வேண்டும். 24 வயதுக்கு முன்பே உடல்நிலை முடங்கினால் கடைசி மூன்று ஆண்டுகளில் 6 போதும். 2026-ல் 1,890 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு நான்குக்கு மேல் சேராது. நம் வீடுகளில் கணக்கு தவறுவது இங்கேதான். எச்-1பி விசாவில் செய்த வேலைக்குக் கிரெடிட் உண்டு. எஃப்-1 மாணவராக முதல் ஐந்து ஆண்டுகளில் செய்த வேலைக்குப் பொதுவாக இந்த வரி பிடிப்பதில்லை, அதனால் கிரெடிட்டும் இல்லை. வேலை அனுமதி இல்லாமல் எச்-4 விசாவில் (எச்-1பி குடும்பத்தினருக்கானது) இருந்த காலம் பூஜ்யம். இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தம் இல்லாததால் சென்னையில் இருபது வருடம் உழைத்ததும் கணக்கில் வராது. முதல் ஐந்து மாதங்களுக்குப் பணம் கிடையாது. மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வர, உதவித்தொகைக்குத் தகுதி பெற்றதிலிருந்து 24 மாதம் ஆகும்.

உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலைக்குப் போகலாம். 2026-ல் மாதம் 1,210 டாலரைத் தாண்டும் மாதங்கள் சோதனைக் காலமாக எண்ணப்படும். அப்படி ஒன்பது மாதங்கள் முடியும் வரை எவ்வளவு சம்பாதித்தாலும் முழுத்தொகை வரும். அதன் பிறகு வரம்பு 1,690 (பார்வையற்றோருக்கு 2,830). அதைத் தாண்டினால் படிப்படியாகக் குறைக்க மாட்டார்கள். மூன்று மாதச் சலுகை முடிந்ததும் வரம்பு மீறும் மாதங்களுக்கு ஒரு காசு வராது. உடல்நிலையால் வேலைக்குப் போக ஆகும் செலவுகளை (மருந்து, சக்கர நாற்காலிப் பராமரிப்பு, தனி வண்டி) ரசீதோடு காட்டினால் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிடுவார்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

எஸ்.எஸ்.ஐ.-க்கு வருவோம். 2026-ல் மத்திய அரசு தருவது தனிநபருக்கு 994 டாலர், தம்பதிக்கு 1,491. தொகை சிறியதுதான். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இதோடு ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் வந்துவிடும். விண்ணப்பிக்க அதுவே போதுமான காரணம்.

சம்பளம் இருந்தால் முதலில் 20, பிறகு 65 டாலரைக் கழித்து, மீதியில் பாதியை உதவித்தொகையிலிருந்து குறைப்பார்கள். மாதம் 1,085 சம்பாதிப்பவருக்கு 85 போக 1,000, அதில் பாதி 500. ஆக 494 வரும், கையில் மொத்தம் 1,579. உழைக்காமல் வரும் பணத்துக்கு இந்தத் தயவு இல்லை. எஸ்.எஸ்.டி.ஐ. 600 வந்தால் 20 மட்டும் கழித்து மீதி 580-ஐ அப்படியே குறைத்து 414 தருவார்கள். இந்த 20-ம் 65-ம் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு டாலர்கூட ஏறவில்லை.

சொத்து வரம்பு இன்னும் மோசம். தனியாளுக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. 1989 முதல் இதே எண். உதவி பெறும் இருவர் மணந்துகொண்டால் தொகையும் குறையும், வரம்பும் குறையும். குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது. மாதத்தின் முதல் நாள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 31-ம் தேதிக்குள் செலவழித்தது தப்பிக்கும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். பேத்தி பெயரில் ஊரில் தாத்தா போட்ட வைப்புநிதியும் எழுதி வைத்த மனையும் அவள் விற்கவோ எடுக்கவோ முடிந்தால் அவள் சொத்துதான். கூட்டுக் கணக்கில் அப்பா பணமே இருந்தாலும், வேறுவிதமாக நிரூபிக்கும் வரை முழுவதும் உதவி பெறுபவருடையது என்றே எடுத்துக்கொள்வார்கள். நகையில் வழக்கமாக அணிவதும் குடும்ப, சமய மரபு சார்ந்ததும் கணக்கில் வராது. முதலீடாக லாக்கரில் தூங்கும் தங்கக் காசு வரும். பயந்துபோய் அண்ணன் பெயருக்கு மாற்றினால், மதிப்புக்குக் குறைவாகக் கைமாற்றியதற்காக 36 மாதம் வரை தகுதி போகலாம்.

இதற்கு இருக்கும் நல்ல மருந்து ஏபிள் கணக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் சேமிப்புக் கணக்கு. அதில் 1,00,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. எண்ணாது. முன்பு குறைபாடு 26 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது 46 ஆகிவிட்டது. நாற்பதில் பக்கவாதம் வந்தவரும் இனி திறக்கலாம். ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று உச்சவரம்பு உண்டு. வாடகை கட்ட அதிலிருந்து எடுத்த பணத்தை மட்டும் அதே மாதத்தில் செலவழித்துவிட வேண்டும். அடுத்த மாதத்துக்குப் போனால் சொத்தாக எண்ணப்படும்.

பெற்றோர் வீட்டில் இலவசமாக இருந்தால் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை, ஏறத்தாழ 331 டாலர், போய்விடும். 2024 செப்டம்பர் 30 முதல் சாப்பாட்டை உதவியாக மதிப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது விஷயம் இருப்பிடச் செலவுதான்: வாடகை அல்லது வீட்டுக்கடன் தவணை, சொத்து வரி, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், குப்பை. நால்வர் வீட்டில் இவை 2,400 ஆனால் பிள்ளையின் பங்கு 600. எழுதிய ஒப்பந்தம் வைத்து மாதாமாதம் அவர் கணக்கிலிருந்து பெற்றோருக்குப் போவதைக் காட்டினால் வெட்டு இல்லை. பெற்றோர் ஏபிள் கணக்கில் போட்ட பணத்திலிருந்தே அவர் இந்தப் பங்கைக் கட்டலாம். சட்டப்படி சரியான வழி இது.

வயது தனிக் கதை. 18 வரை பெற்றோரின் வருமானமும் சேமிப்பும் பிள்ளையுடையதாகக் கருதப்படும். இருவரும் ஐ.டி. வேலையில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. 18 முடிந்த மறுமாதம் அந்தக் கணக்கு அறுந்துவிடும். அன்று விண்ணப்பிக்கத் தயாராக இருங்கள், ஏனென்றால் எஸ்.எஸ்.ஐ. விண்ணப்பத்துக்கு முந்தைய மாதங்களுக்குப் பணம் தராது. ஏற்கெனவே வாங்கும் பிள்ளைகளை 18-ல் பெரியவர்களுக்கான அளவுகோலில் மறுபடி சோதிப்பார்கள்.

பலருக்குத் தெரியாத வாசல் 22-ல் இருக்கிறது. குறைபாடு 22 வயதுக்குள் தொடங்கியிருந்தால், அப்பாவோ அம்மாவோ ஓய்வூதியம் எடுக்கும்போது பிள்ளைக்கு அவர்களின் அடிப்படைத் தொகையில் பாதி வரை, அவர்கள் இறந்துவிட்டால் முக்கால் வரை கிடைக்கும். குடும்ப உச்சவரம்பு இதைக் குறைக்கலாம். சொத்து வரம்பு கிடையாது. திருமணம் பெரும்பாலும் இதை முடித்துவிடும். நல்ல சம்பளம் வாங்கிய பெற்றோரின் பிள்ளைக்கு எஸ்.எஸ்.ஐ.-யைவிட இது எவ்வளவோ மேல். 22-க்கு முந்தைய மருத்துவ, பள்ளி ஆவணங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

50-ல் விதிகள் தளரும். உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே முடியும், பழைய வேலையின் திறன் அதற்கு உதவாது, படிப்பும் நேரடியாக வேறு வேலைக்கு இட்டுச்செல்லாது என்றால் தகுதி உண்டு. 55 ஆகிவிட்டால் இலகு வேலை செய்ய முடிந்தவருக்கும் இதே வழி திறக்கும். 65 ஆனால் எஸ்.எஸ்.ஐ.-க்கு மருத்துவச் சான்றே வேண்டாம்.

அதைக் கேட்டு ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டி வந்தவர்கள் ஆசைப்பட வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பும் 40 காலாண்டு (கிரெடிட்) வேலைக் கணக்கும் பொதுவாக வேண்டும். அழைத்து வந்த பிள்ளையின் வருமானமும் அவர்களுடையதாக எண்ணப்படும். குடியுரிமை பெற்றால்தான் பாதை தெளிவாகும்.

பயணத்திலும் கவனம் தேவை. 30 நாள் தொடர்ந்து அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்.எஸ்.ஐ. நிற்கும். திரும்பி வந்து 30 நாள் தொடர்ந்து இருந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். கோடை விடுமுறைக்கு மதுரை போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே எண்ணிக்கொள்ள வேண்டும். சம்பளம், முகவரி, சேமிப்பு எது மாறினாலும் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் சொல்ல வேண்டும். சொன்னதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சொன்னாலும் கணக்கு தாமதமாகத் திருந்தி, "கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடுங்கள்" என்று கடிதம் வருவதுண்டு. கணக்கே தவறு என்றால் படிவம் 561-ஐ 60 நாளுக்குள் கொடுங்கள். கணக்கு சரி, ஆனால் தவறு உங்களுடையதல்ல, திருப்பித் தரவும் வசதி இல்லை என்றால் படிவம் 632. உதவித்தொகையை நிறுத்துவதாகவோ குறைப்பதாகவோ எஸ்.எஸ்.ஐ. கடிதம் வந்தால் அது கைக்கு வந்த பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் கட்ட முடிவு வரும் வரை பழைய தொகையே தொடர்ந்து வரும்.