வைட்ஸ் மரத்தவளையும் டொராண்டோ குழாய்த் தண்ணீரும்: சில வருட அனுபவம்

வைட்ஸ் மரத்தவளை வாங்கலாமா, என்ன அளவில் தொட்டி, எந்த பல்பு என்று கேட்டு எனக்கு அடிக்கடி செய்தி வருகிறது. தண்ணீரைப் பற்றி மட்டும் கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை. டொராண்டோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இரண்டு தவளைகளைச் சில வருடங்களாக வளர்த்து வருகிறேன். இந்தக் காலத்தில் பல்பு மாறியிருக்கிறது, செடிகள் மாறியிருக்கின்றன, உள்ளே இருந்த மரக்கிளைகூட மாறியிருக்கிறது, ஆனால் தினமும் தவறாமல் நான் கை வைக்கிற ஒரே பொருள் தண்ணீர்க் கிண்ணம்தான். அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கும் கிழக்கும், நியூ கினியின் தென்பகுதியும் இதன் சொந்த ஊர். 1788-ல் சிட்னிக்குப் போன முதல் கப்பல் கூட்டத்தின் தலைமை மருத்துவர் ஜான் வைட் 1790-ல் வெளியிட்ட நூலில் இது இடம்பெற்றது, அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. வளர்ந்தால் 10 செ.மீ. வரும், பெண் தவளை இன்னும் கொஞ்சம் பெரிது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 வருடத்துக்கு மேல் இருக்கும், இதை யோசித்துவிட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் இது வீட்டுக் கழிப்பறைக்குள்ளும், மழைநீர்க் குழாய்க்குள்ளும், தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடியிலும் சர்வ சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். மழையே இல்லாத மாதங்களிலும் ஈரமான மூலையைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த பிராணி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு: வட ஆஸ்திரேலியாவின் வறண்ட பருவத்தில், ராத்திரிக் குளிரில் இந்தத் தவளை வெளியே போய் உட்காருகிறது, உடம்பு குளிர்ந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று இருக்கிற மரப்பொந்துக்குள் திரும்புகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளரில் வேர்ப்பது மாதிரி அதன் தோலில் நீர் படிகிறது, அந்த நீரைத் தோல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சொட்டு மழை இல்லாமல் தண்ணீர் குடித்தாகிவிட்டது! இதைப் படித்த பிறகு, தொட்டியில் குளிர்ச்சியான மூலை ஒன்று, வெதுவெதுப்பான மூலை ஒன்று, ஈரமான பொந்து ஒன்று என்று தனித்தனியாக வைத்துத் தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

தவளை வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகத்தான் குடிக்கும். கிண்ணத்தில் அது பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குளிக்கிறது என்று நினைப்போம், உண்மையில் அது குடித்துக்கொண்டிருக்கிறது. நல்லதை உள்ளே விடுகிற அதே தோல்தான் குளோரினையும், அம்மோனியாவையும், நம் கையில் இருக்கும் சோப்பையும் உள்ளே விடும். வடிகட்டி நிறுத்தி வைக்க அங்கே ஒன்றும் இல்லை.

இப்போது குழாய்த் தண்ணீர். "ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். வெறும் குளோரின் போடும் ஊரில் அது சரி. டொராண்டோவில் ஒன்டாரியோ ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும்போது குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்துக் குளோராமினாக மாற்றி அனுப்புகிறார்கள், நீண்ட குழாய்களில் கடைசி வீடு வரை கிருமி சேராமல் இருப்பதற்காக. இந்தக் குளோராமின் ஒரு ராத்திரியில் ஆவியாகாது. வாளியை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் காலையிலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் தண்ணீரில் எது போடுகிறார்கள் என்று மாநகராட்சி தகவலில் பார்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே வாட்டர் கண்டிஷனர், அதாவது குழாய்த் தண்ணீரிலிருந்து குளோரினை நீக்கும் திரவம், கட்டாயம். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. சில வகை குளோராமினை உடைத்துக் குளோரினை மட்டும் நீக்கும், உடையும்போது வெளிவரும் அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிற வகையைத்தான் வாங்க வேண்டும். நான் தொடர்ந்து பயன்படுத்துவது மீன் தொட்டிக்காரர்கள் வாங்குகிற ஸீகெம் ப்ரைம். 200 லிட்டருக்கு 5 மி.லி. என்பது அளவு, அதாவது 4 லிட்டர் ஜாடிக்கு ஏறக்குறைய இரண்டு சொட்டு. திறந்ததும் கந்தக வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். 250 மி.லி. பாட்டில் 10,000 லிட்டருக்கு வரும் என்பதால் தவளைக்காரர்களுக்கு அது சுலபத்தில் தீராது. இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு முக்கியமான வேலையைச் செய்வது இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதுவும் இல்லை.

குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீரைப் பிடிக்காதீர்கள், பழைய கட்டடங்களில் ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் அது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குளிர்ந்த குழாயில் பிடித்து, ஜாடியில் கண்டிஷனர் சேர்த்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை வைத்துவிடுங்கள். ஜனவரியில் இங்கே குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் தவளை உள்ளே இறங்கவே இறங்காது. வெந்நீர்க் குழாயைக் கலந்து சரிசெய்யவும் வேண்டாம், ஹீட்டர் தொட்டியில் நின்ற தண்ணீரில் உலோகம் அதிகம் கரைந்திருக்கலாம்.

"அப்படியானால் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையே (ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த தண்ணீர்) ஊற்றிவிடலாமே?" கிண்ணத்துக்கு வேண்டாம். அதில் உப்பே இல்லை. தவளை அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் உடம்பிலிருக்கும் உப்பு வெளியே போய், தண்ணீர் அளவுக்கு மீறி உள்ளே வரும். கண்ணாடியில் தெளிப்பதற்கு அது நல்லது, வெள்ளைக் கறை படியாது, தெளிப்பானின் முனையும் அடைக்காது. கிண்ணத்துக்குக் கண்டிஷனர் போட்ட குழாய்த் தண்ணீர், தெளிப்பதற்கு டிஸ்டில்டு, இது எனக்கு ஒத்துவந்த ஏற்பாடு.

கிண்ணம் அகலமாக இருக்கட்டும், ஆழம் தவளை உட்கார்ந்தால் மோவாய்க்குக் கீழே நிற்கிற அளவு. மரத்தவளை நீச்சலில் கெட்டிக்காரன் இல்லை. ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று உள்ளே, ஒன்று கழுவிக் காயும். சோப்பு கூடாது, கொதிக்கிற வெந்நீரும் தனியாக வைத்த பிரஷ்ஷும் போதும், கறை படிந்தால் வினிகர் விட்டுத் தேய்த்து நன்றாக அலசினால் போய்விடும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இதில் பேரமே இல்லை. மலம் கழிப்பதற்கு இவை பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தைத்தான் தேர்ந்தெடுக்கும், அப்புறம் அதிலேயே உட்கார்ந்து அதையே குடிக்கும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும். தீனிக்கு விட்ட கிரிக்கெட் பூச்சி மூழ்கிச் செத்தாலும் அதே கதை, அதனால் நான் இடுக்கியில் பிடித்துத்தான் ஊட்டுகிறேன், அல்லது தண்ணீர் இல்லாத வழவழப்பான கிண்ணத்தில் டூபியா கரப்பான் போடுகிறேன்.

தொட்டி 45 x 45 x 60 செ.மீ., முன்பக்கம் கதவு, மேலே வலை. இரண்டு பெரிய தவளைகளுக்கு இதைவிடச் சிறியது வேண்டாம், உயரம் முக்கியம். பகலில் வெதுவெதுப்பான மேல்பகுதி 27, 28 டிகிரி, ராத்திரி 20, 21-க்கு இறங்கலாம். மெலிதான யூவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு ஒன்று. கீழே களிமண் உருண்டை, அதன் மேல் வலை, அதன் மேல் தென்னை நார்த் தூளும் மண்ணும், அதில் கழிவைத் தின்னும் ஸ்ப்ரிங்டெயில், ஐசோபாட் என்ற சிறு உயிர்கள். இந்தக் குட்டிப் பூச்சிகள் மண்ணைச் சுத்தமாக வைத்திருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். சிறு கூழாங்கல் வேண்டவே வேண்டாம், தீனியோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். மணி பிளான்ட்தான் செடிகளில் உழைப்பாளி. மென்மையான செடிகள் இந்தக் கனத்த உடம்பு ஒரு முறை குதித்தாலே ஒடிந்துவிடும்.

ஈரப்பதத்தில் டொராண்டோவுக்கு இரண்டு முகம். குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடும்போது அறையின் ஈரப்பதம் 20 சதவீதச் சொச்சத்துக்கு வந்துவிடும், மேல்வலை வழியாகத் தொட்டியின் ஈரமும் போய்விடும். தொட்டிக்குள் விடாமல் தண்ணீர் அடிப்பது இதற்குத் தீர்வு ஆகாது, மண் சேறாகும், காற்று காய்ந்தேதான் இருக்கும். மேல்வலையில் பாதிக்கும் சற்று அதிகமாக ஒரு அக்ரிலிக் தகடு வைத்து மூடுவதும், அறைக்கே ஒரு ஹ்யுமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் கருவி) வைப்பதும்தான் வேலை செய்கிறது. சாயங்காலம் ஒரு தெளிப்பு, அது மறுநாளைக்குள் 50 சதவீதம் வரை காய்ந்து இறங்க வேண்டும். ஜூலையில் நேர் எதிர்: தகட்டை எடுத்துவிட்டு, தெளிப்பதையும் குறைத்துவிட வேண்டும். இந்த இனம் அமேசான் காட்டுத் தவளை இல்லை, எந்நேரமும் சொதசொதவென்று காற்றோட்டம் இல்லாமல் இருந்தால் தோலில் நோய் பிடிக்கும். ஊசி சுழலும் ஈரப்பத மீட்டரை நம்பாதீர்கள், டிஜிட்டல் வாங்குங்கள்.

தொட்டிக்குள் வைக்கும் குட்டி அருவி, புகை கிளப்பும் ஃபாகர் இரண்டுக்கும் செலவழிக்காதீர்கள். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், உள்ளே கழுவ முடியாத மூலைகளில் வழவழப்பு சேரும். அந்தக் காசை நல்ல ஹ்யுமிடிஃபையரில் போடுங்கள்.

தவளையே நிறையச் சொல்லிவிடும். பகலில் கைகால்களை உடம்போடு ஒட்டி மடக்கி அசையாமல் தூங்கினால் சரியாக இருக்கிறது, நீரைச் சேமிக்கும் நிலை அது. பகல் முழுக்கக் கிண்ணத்தை விட்டு வெளியே வராமல் இருந்தால் காற்று காய்ந்துவிட்டது, அல்லது சூடு அதிகம். கிண்ணத்தை அடியோடு தவிர்த்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தொடையின் அடிப்பக்கம் சிவந்திருந்தால், தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நாய், பூனை பார்க்கிற எல்லாக் கிளினிக்கிலும் தவளை பார்க்க மாட்டார்கள், ஆகவே தவளை வாங்கும் முன்பே அப்படி ஒரு மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்துத் தண்ணீரையும் பழைய மண்ணையும் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துக்கொண்டிருக்கும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீர் வழியாகப் பரவுவது, 1999-ல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. நம் தவளை ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். தண்ணீர் கழிப்பறையில் போகட்டும், மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இதே காரணத்துக்காகக் காட்டில் பிடித்ததை வாங்காமல், வளர்ப்பவரிடம் பிறந்த தவளையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போவதென்றால்? வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளைத் தீனி போதும், சில நாள் தீனி இல்லாமலும் இருக்கும். தண்ணீர் மாற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். நான் கண்டிஷனர் கலந்த ஜாடிகளில் எந்தக் கிழமைக்கு எது என்று எழுதி ஒட்டி வரிசையாக வைத்துவிட்டு, கழுவிய கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் நண்பரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவேன். தவளைக்குத் தீனி போடாவிட்டாலும் பரவாயில்லை, அன்றைய ஜாடியை மட்டும் மறக்காதீர்கள் என்றுதான் அவரிடம் சொல்வேன்.